லீக் இல்லை

எங்கள் ஷெட்டுக்கும் அவர்கள் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு தகரம்தான் சுவர். அந்தப் பக்கம் ஸ்பேனர் தரையில் விழுந்தால் அது எத்தனாம் நம்பர் என்று இந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிடுவேன். கன்னத்தில் விழுகிற அடிக்கும் முதுகில் விழுகிற அடிக்கும் சத்தம் வேறு வேறு. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்? ஒன்பது வருடமாக அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் தையல் மெஷினைக் கொஞ்சம் வேகமாக மிதித்திருக்கிறேன். நான் செய்தது அவ்வளவுதான்.

நான் கார் சீட் தைக்கிறவள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் சீட்டக்கா. என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் தைப்பார், நான் பஞ்சு அடைப்பேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு பஞ்சும் நான்தான், தையலும் நான்தான். பொம்பளை தைத்த சீட்டா என்று முகம் சுளித்தவர்களெல்லாம் இன்றைக்கு அதில்தான் சாய்ந்து உட்கார்ந்து போகிறார்கள்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மெக்கானிக், ஷெட்டை ஒட்டியே அவர் வீடு. தெருவில் அவருக்குக் காது மாஸ்டர் என்று பெயர். பொய்யில்லை, ஒரு காலத்தில் அது அவருக்குத் தகும். கார் தெருமுனையில் திரும்பும்போதே, குனிந்த தலை நிமிராமல், "மூணாவது பிளக் போச்சு, கழட்டு" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிளக்தான் கரியாய்ப் போயிருக்கும். ஒரு முழ நீள ரப்பர் குழாய் வைத்திருந்தார். ஒரு முனையைக் காதில் செருகிக்கொண்டு மறுமுனையை இன்ஜின்மேல் ஓட்டிக்கொண்டே போவார். சோப்புத் தண்ணீர் தடவி லீக் பார்க்கிற மற்ற மெக்கானிக்குகளைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "கார குளிப்பாட்டுறானுங்க" என்பார்.

கைநீட்டுகிற பழக்கமும் அந்தக் காதோடு சேர்ந்தே வந்ததுபோல. அவர் சொன்னதை மறுத்து ஒருவர் பேசிவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். வெளியாள் என்றால் வாயால் திட்டுவார். வீட்டாள் என்றால் கையால்.

வீட்டாள் என்று இருந்தவள் ஒருத்திதான். அவர் மனைவி. நான் அவளைத் தங்கச்சி என்பேன். அவள் வாடகைக் கார் ஓட்டினாள். கார் அவள் அப்பாவுடையது, அவளைவிட இரண்டு வயது மூத்தது. காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போவாள். பகலெல்லாம் சவாரி. மத்தியானம் மகளை ஏற்றிக்கொண்டு வருவாள். மகளுக்கு ஆறு வயது. குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பின்சீட்டில் படுத்துக்கொண்டு காலை ஜன்னல்மேல் தூக்கிப் போட்டுக்கொள்ளும். அந்த சீட்டும் நான் தைத்ததுதான்.

போன வருடம் அந்தக் காரில் ஒரு வேலை வந்தது. இன்ஜினுக்குள் எரிந்த புகை நான்கு வாய் வழியாக வெளியே வரும். அந்த நான்கையும் சேர்த்து ஒரே குழாயில் அனுப்புவது மானிஃபோல்டு என்கிற கனமான இரும்பு வார்ப்பு. எட்டு போல்ட்டில் அது இன்ஜினோடு ஒட்டி நிற்கும். எதற்கோ மாஸ்டர் அதைக் கழற்றும்போது துருப்பிடித்த போல்ட் ஒன்று உள்ளே பாதியாக முறிந்துவிட்டது. அதைப் பிடுங்குவது பெரிய தலைவலி. அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்துத் திருக வேண்டும். அதற்கு எதிர்க்கடை வெல்டரைக் கூப்பிட வேண்டும். எதிர்க்கடை வெல்டர் அவருடைய சொந்த மச்சினன், அவளுடைய தம்பி. அவனிடம் போய் நிற்க இவருக்கு மனசு வரவில்லை. ஓட்டை அடைக்கிற பேஸ்ட்டை அள்ளி அப்பி, மற்ற ஏழு போல்ட்டையும் முறுக்கி மூடிவிட்டார்.

"எட்டுல ஒண்ணு போனா என்னக்கா? லீக் ஆச்சுன்னா என் காது சொல்லாதா?" என்று என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னார்.

காது சொல்லவில்லை. முப்பது வருடம் சுத்தியலுக்கும் சைலன்ஸருக்கும் நடுவில் கிடந்த காது, அது எத்தனை நாள்தான் உழைக்கும்? என் ஸ்டவ்வில் கெட்டில் விசிலடித்து அடங்கும், அவர் திரும்ப மாட்டார். பையில் போன் கத்திக்கொண்டே இருக்கும். அவள் பின்னாலிருந்து பேசுவதை விட்டுவிட்டாள். சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால்கூடச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நிற்பாள். எங்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்வதற்குத்தான் ஆளில்லை.

மழைக்காலம் வந்தது. அந்த வருடம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ரெக்ஸின் எல்லாம் பூஞ்சை பிடித்து, பஞ்சு ஈரம் குடித்து, ஊசி துருவேறி, எனக்கே எல்லோர் மேலும் எரிச்சலாக இருந்தது. கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவளும்தான்.

ஒருநாள் காலை தகரத்துக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

"என்னங்க, காலையில ஸ்டார்ட் பண்ணா ஒரு சத்தம் வருது. டிக் டிக் டிக்குன்னு. ரெண்டு தெரு போறதுக்குள்ள நின்னுடுது."

"நின்னுடுதில்ல? அப்புறம் என்ன?"

"புகை வாடை வேற அடிக்குதுங்க. ஒருதடவ பாத்துடுங்களேன்."

பானட் திறக்கிற சத்தம். ரப்பர் குழாயை வைத்துப் பார்க்கிறார் போலிருக்கிறது. எனக்கு இங்கேயே கேட்டது அந்த டிக் டிக்.

"ஒண்ணும் இல்ல."

"இப்பகூட அடிக்குதுங்க. இதோ, கேளுங்க..."

"என்னைய கேக்கச் சொல்றியா? என்னைய?"

பிறகு கன்னத்துச் சத்தம். நான் மெஷினை மிதித்தேன்.

அன்று மத்தியானம் அவள் என் ஷெட்டுக்கு வந்து ஃபோம் கட்டின்மேல் உட்கார்ந்தாள். டீ கொடுத்தேன். வாயின் வலதுபக்கம் வைத்துக் குடிக்க முடியாமல் இடதுபக்கம் வைத்துக் குடித்தாள்.

"தலை வலிக்குதுக்கா. கார்ல ஏறுனா வலிக்குது, இறங்குனா விடுது. குட்டியும் அதையேதான் சொல்லுது. வாந்தி வர்ற மாதிரி இருக்காம்."

"மழை. குளிரு ஏறியிருக்கும்."

"தூக்கம் சுத்துதுக்கா. நேத்து சிக்னல்ல கண்ண மூடிட்டேன். பின்னாடி இருந்தவன் ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சேன். அவர்கிட்ட சொன்னா, வேலைக்குப் போக உடம்பு வளையாம நடிக்கிறேங்கிறாரு."

"அவர் குணம் தெரிஞ்சதுதானே. கொஞ்சம் பொறுத்துப் போம்மா."

சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். அவள் டீயை முடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கார் தெருவில் திரும்புவது தெரிந்தது. வந்த வேகம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. ஷெட் வாசலில் நிற்கிற கல்தூணில் நேராக வந்து முட்டி நின்றது. ஹெட்லைட் உடைந்து தண்ணீரில் சிதறியது.

மாஸ்டர் ஓடிவந்தார். முதலில் பம்பரைப் பார்த்தார். அப்புறம்தான் கதவைத் திறந்தார். திறந்து அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தார். அவள் கால் ஊன்றாமல் அப்படியே சேற்றில் விழுந்தாள்.

"தூங்குவியா? வண்டியில உக்காந்து தூங்குவியா? தூங்குமூஞ்சி நாயே!"

இடுப்பில் ஓர் உதை. அவள் கையைக் கூடத் தூக்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. அப்போதுதான் பார்த்தேன். பின்கண்ணாடியில் ஒரு சின்னக் கால் தெரிந்தது. அது அசையவில்லை.

நான் ஓடினேன். கதவைத் திறந்ததும் சூடாக, கசப்பாக ஒரு காற்று முகத்தில் அடித்தது. கார்பெட் பூராவும் வாந்தி. குட்டியைத் தூக்கினால் நனைந்த துணியாய்த் தொங்குகிறது. மழைக்குள் தூக்கிக்கொண்டு வந்து மடியில் போட்டு, உள்ளங்காலைத் தேய்த்தேன், கன்னத்தைத் தட்டினேன், "குட்டி, குட்டி" என்று கத்தினேன். எத்தனை நேரம் என்று தெரியாது. திடீரென்று இருமி, இன்னொரு முறை வாந்தி எடுத்து, அழ ஆரம்பித்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அதற்குள் எதிர்க்கடையிலிருந்து தம்பி பாய்ந்து வந்துவிட்டான். கையில் சூடு ஆறாத இரும்புக் கம்பி. மாமா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவன்தான். கம்பியை வீசினான். மாஸ்டரின் முழங்கையை உரசிக்கொண்டு போனது. அவர் கீழே கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து அவன் தோளில் இறக்கினார். இரண்டு பேரும் தண்ணீரில் புரண்டார்கள். தம்பி அவர் மார்பில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினான். வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் வந்தன. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார்கள், ஒருவரும் தெருவைத் தாண்டவில்லை.

"போதும்டா." அவள்தான் சொன்னாள். சேற்றில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "குட்டியப் பாரு. முதல்ல குட்டியப் பாரு."

தெருமுனை டாக்டரம்மா குடையோடு வந்தார். குட்டியின் கண்ணைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். அவளையும் பார்த்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ரெண்டு பேரும் அடைஞ்ச இடத்துல புகைக்குள்ள இருந்தீங்களா?"

"இல்லையே டாக்டர். கார்லதான் வந்தோம்."

"இந்தப் புகைக்கு நிறமும் தெரியாது, சில நேரம் வாடையும் தெரியாது. இன்னும் பத்து நிமிஷம் உள்ள இருந்திருந்தா நான் வந்திருக்க வேண்டியதே இல்ல. குழந்தைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஆக்சிஜன் வைக்கணும். நீயும் வா."

டாக்டரம்மா காரிலேயே அவளும் குட்டியும் போனார்கள். நான் கார்பெட்டைக் கழுவலாம் என்று எடுத்தேன்.  டிரைவர் சீட்டுக்கு முன்னால் இருந்த கார்பெட்டை உரித்துத் தூக்கியபோது பார்த்தேன். இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கும். ஸ்டியரிங் தண்டு அதில் ஓட்டை வழியாகத்தான் போகும். அந்த ஓட்டையை மூடுகிற ரப்பர் மட்கிப் போய், சுற்றிலும் ஒரு கை அகலத்துக்குக் கரி. விரலை வைத்தால் விரல் கறுத்தது. கார்பெட்டின் அடிப்பக்கமும் அடுப்புச் சுவர்போல் இருந்தது.

அவர்கள் திரும்பிவர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. மழை விட்டிருந்தது. குட்டி நடந்துதான் வந்தது. தம்பி காரை அன்றே தள்ளி ஷெட்டுக்குள் விட்டிருந்தான். மாஸ்டர் வீங்கிய முகத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் கார்பெட்டைக் கொண்டுபோய் அவர் காலடியில் போட்டேன். அவர்கள் ஷெட்டுக்குள் நான் காலெடுத்து வைத்ததே அன்றைக்குத்தான்.

"இதப் பாருங்க மாஸ்டர். புகை உள்ள வருது."

"பழைய வண்டி. முப்பது வருஷக் கரி அது."

"மாமா, அந்த முறிஞ்ச போல்ட்டு இன்னும் உள்ளதான இருக்கு? அந்த எடத்துலதான் லீக்கு." தம்பியின் ஒரு கை கட்டுப்போட்டுத் தொங்கியது.

"லீக்கா? என் காதுக்குத் தெரியாத லீக்கா?"

அவள் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். இரவெல்லாம் ஆறிக் கிடந்த இன்ஜின். டிக் டிக் டிக் டிக். பானட்டுக்கு அடியிலிருந்து யாரோ தகரத்தில் விரலால் சுண்டுவதுபோலத் தெளிவாக வந்தது. இரும்பு சூடேறி விரிகிறவரைக்கும் அந்தச் சத்தம் இருக்கும், விரிந்தால் சத்தம் அடங்கும், புகை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டேயிருக்கும் என்று தம்பி பின்னால் எனக்குச் சொன்னான்.

மாஸ்டர் ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு முனை காதில், மறுமுனை மானிஃபோல்டில். முதல் வாய், இரண்டாம் வாய், மூன்றாம் வாய். மூன்றாம் வாயில் குழாய் நின்றபோது சத்தம் குழாயே இல்லாமல் எங்களுக்குக் கேட்டது. அவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கவனித்தார்.

"லீக் இல்ல."

 குட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அப்பா, டிக் டிக்குங்குதுப்பா. உனக்குக் கேக்கலையா?"

அவர் கை ஓங்கிவிட்டது. குழந்தைமேல் அவர் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. அந்தக் கை இறங்குவதற்குள் அவள் காரிலிருந்து இறங்கி வந்து நடுவில் நின்றாள். அடி அவள் காதோரம் விழுந்தது. அவள் நகரவில்லை.

"அடிச்சு முடிச்சிட்டியா?"

ஒன்பது வருடத்தில் அவள் அவரை நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கும் அது புதிது. கை அந்தரத்தில் நின்றது.

"லீக் இல்லல்ல? சரி. அப்ப உள்ள ஏறு. கண்ணாடிய ஏத்திக்கோ. நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருந்த மாதிரி நீ உக்காரு. அரை மணி நேரம் உக்காந்து இறங்கி வந்து லீக் இல்லன்னு சொல்லு. நான் உன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறேன்."

"அக்கா, வேணாம்க்கா..." என்றான் தம்பி.

"நீ சும்மா இரு."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். டீக்கடைக்காரர்கள் வாசல்வரை வந்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் அவர் சிரித்திருக்கலாம், திட்டிவிட்டு உள்ளே போயிருக்கலாம். வெட்டி வீராப்பு விடுமா? குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடி நான்கையும் ஏற்றினார். ஹீட்டர் காற்றை வைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"கதவ யாரும் பூட்டல. அவரா இறங்கலாம்." அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். குட்டியின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

ஐந்து நிமிடம். அவர் கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம். டிக் டிக் அடங்கிவிட்டது. அவர் எங்களைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினார், பார்த்தீர்களா ஒன்றுமில்லை என்று. பன்னிரண்டாவது நிமிடம் நெற்றியைத் தேய்த்தார். பதினைந்தில் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். விரல் பொத்தானில் சரியாகப் பதியவில்லை, மூன்று முறை தவறியது. கதவுக் கைப்பிடி அவர் முட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒருமுறை அதைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, போதும். முகம் மாறுது."

"அவரா இறங்கட்டும்."

தம்பி ஓரடி எடுத்து வைத்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் நின்றுவிட்டான். 

இருபதாவது நிமிடம் அவர் தலை சரிந்தது. நெற்றி ஹாரன்மேல் விழுந்து, ஹாரன் விடாமல் அலறத் தொடங்கியது. தகரமெல்லாம் அதிர்ந்தது. காதைப் பொத்திக்கொண்டார்கள். அவருக்கு மட்டும்தான் அது கேட்டிருக்காது. நான் அவளைப் பார்த்தேன். அவள் கண் சிமிட்டவில்லை, அழவில்லை, ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்திருப்பாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்க் கதவைப் பிடுங்கித் திறந்து, அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். என்ன கனம்! தரையில் சரிந்தார். பக்கவாட்டில் புரட்டிவிட்டேன். இருமினார், ஓங்கரித்தார், காலையில் குடித்த டீயெல்லாம் என் சேலையில் வந்தது. இன்ஜினை யாரோ நிறுத்தினார்கள். கண் திறந்தது.

"லீக் இல்ல" என்றார்.

அவள் காதிலும் அது விழுந்தது. தலையை ஆட்டினாள், ஏதோ ஒரு கணக்கு முடிந்த மாதிரி. டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பினாள். வந்து பார்த்து, அவரையும் அதே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் கூடப் போகவில்லை. தம்பியைப் பார்த்து, "மானிஃபோல்டக் கழட்டலாம், வா" என்றாள்.

இன்ஜின் ஆறுகிறவரை காத்திருந்தார்கள். தம்பிக்கு ஒரு கைதான், அதனால் ஸ்பேனர் அவள் கையில். அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தாள். முழு பலத்தையும் கொடுக்காமல் கொஞ்சம் முறுக்கி, கொஞ்சம் திருப்பி, மறுபடி முறுக்கி எடுத்தாள். ஏழும் வந்தன. வார்ப்பைத் தூக்கி வெளியே வைத்தபோது மூன்றாம் வாயின் ஓரத்தில், இடைவெளியை அடைக்கிற கேஸ்கட் எரிந்து, புகை போன பாதை கறுப்பாகக் கோடிட்டிருந்தது. பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது. முறிந்த போல்ட் உள்ளே அப்படியே இருந்தது.

"இது ஒண்ணுதான்க்கா. ஒரு நட்ட வெச்சு வெல்டு பண்ணியிருந்தா பத்து நிமிஷ வேலை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா..." என்றான் தம்பி.

அவனே வெல்டிங் அடித்தான், ஒற்றைக் கையால். முறிந்த போல்ட் தலையில் நட்டு பிடித்து, சிவந்து ஆறுகிற பதத்தில் அவள் ஸ்பேனரை மாட்டித் திருகினாள். கிறீச்சென்று கத்திக்கொண்டு வெளியே வந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதை அவள் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, குப்பையில் போட்டாள்.

வார்ப்பின் முகத்தை எஃகுத் தகட்டில் எமரித் தாள் விரித்துத் தேய்த்தார்கள். ஸ்கேலை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து மறுபடி தேய்த்தார்கள். புது கேஸ்கட், புது போல்ட் எட்டு. நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, ஒரே நேரத்தில் இறுக்காமல் மூன்று சுற்றாக இறுக்கினாள். எனக்கு அங்கே வேலை இல்லை. சும்மாவும் இருக்க முடியவில்லை. என் ஷெட்டுக்குப் போய் ஸ்டியரிங் தண்டைச் சுற்றி மூட, நல்ல கனமான தோலில் ரப்பர் வைத்து இரட்டைத் தையல் போட்டு ஓர் உறை தைத்தேன். காற்றுகூட நுழையாது. என் வாழ்நாளில் அவ்வளவு நெருக்கமான தையல் போட்டதில்லை.

திரும்பி வந்தபோது அவள் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் இணைப்பு பூராவும் தடவிக்கொண்டிருந்தாள். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஓடியது. டிக் டிக் இல்லை. நாங்கள் நான்கு பேரும் குனிந்து பார்த்தோம், குட்டி உட்பட. எட்டு போல்ட்டைச் சுற்றியும் ஒரு குமிழிகூட வரவில்லை. தம்பி அழுதுவிட்டான். அவள் துணியால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் போய் இரண்டு பை கொண்டுவந்தாள். ஒன்றில் குட்டியின் புத்தகங்கள் துருத்திக்கொண்டிருந்தன. பின்சீட்டில் வைத்தாள். குட்டியை உட்காரவைத்து, நான்கு கண்ணாடியையும் கீழே இறக்கிவிட்டாள். நான் உறையை நீட்டினேன். வாங்கி, ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து, தானே தண்டில் மாட்டி இறுக்கினாள்.

"நல்லா தச்சிருக்கீங்கக்கா."

"எங்கம்மா போற?"

"தம்பி வீட்டுக்கு. அப்புறம் பாக்கலாம்."

"அவர் திரும்பி வந்தா..."

"வரட்டும்."

டிரைவர் கதவை நானே சாத்தப் போனேன். அவள் உள்ளேயிருந்து அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டாள். கோபமாக இல்லை. களைத்துப்போய், ரொம்ப நாள் யோசித்த ஒன்றைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அவருக்குக் கார்க் கதவத் தொறக்க இருபது நிமிஷத்துல ஓடி வந்துட்டீங்களேக்கா. என் வீட்டுக் கதவும் உங்க ஷெட்டுலேருந்து அதே தூரம்தானே?"

 அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு கதவை அவளே இழுத்துச் சாத்திக்கொண்டு, கியர் போட்டாள்.